நுண்படச்சுருளும் நூலக வரியும்: ஆவணக் காப்பு நிதி குறித்து எல்லைப்புற மாவட்டத்திலிருந்து ஒரு கருத்துரை

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால இதழ்களையும் ஆராய்வோர் பலர் இன்று மூலத்தைக் கையிலெடுத்துப் படிப்பதில்லை. நுண்படச்சுருள் வழியாகவோ, அச்சுருளிலிருந்து உருவான மின்படி வழியாகவோ, நூலிலிருந்து நேரே எடுக்கப்பட்ட மின்படி வழியாகவோதான் படிக்கின்றனர். ஆயினும் அப்படிகள் எவர் செலவில் உருவாயின, அவற்றைத் தொடர்ந்து காக்கும் செலவை இனி எவர் ஏற்பர் என்னும் வினாக்கள் நம் ஆய்வேடுகளில் இடம்பெறுவது அரிது. 'முதன்மைச் சான்றுகள் நூலகங்களில் திரட்டப்பட்டன' என்னும் ஒரு தொடரோடு அவ்வினாக்களைக் கடந்துவிடுகிறோம்.

மைக்ரோபிலிம் என வழங்கும் நுண்படச்சுருள்களை மின்னாக்கம் செய்வது ஒருமுறை நிகழும் செலவு. அவ்வாறு உருவான மின்கோப்புகளைக் காப்பது ஆண்டுதோறும் தொடரும் செலவு. இவ்விரண்டையும் ஒரே நிதியால் நிறைவேற்ற முற்படுவதே இத்துறையில் பல முயற்சிகள் இடையில் தளர்வதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. முன்னதற்குத் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும், பின்னதற்கு நூலக வரியும் உரியவை. இவ்விரு நிதிகளுக்கும் வாய்ப்புள்ள ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியைக் களமாகக் கொண்டு இக்கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

நுண்படச்சுருளின் இன்றைய மதிப்பு

மின்னாக்கம் பரவிய பின் நுண்படச்சுருள் காலங்கடந்த தொழில்நுட்பம் என்னும் எண்ணம் நிலவுகிறது. படிப்பவரின் வசதியை மட்டும் கருதினால் அவ்வெண்ணம் பொருந்தும். சுருளைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. ஒரு பக்கத்தைத் தேடிச் சுருள் முழுவதையும் உருட்டிப் பார்க்க வேண்டியுள்ளது. ஆனால், காப்பு என்னும் நோக்கில் காணும்போது நிலை வேறு. வெள்ளி உப்புப் பூச்சும் பாலியெஸ்டர் அடித்தளமும் கொண்ட 35 மி.மீ. சுருள், முறையாகக் கழுவப்பட்டு உரிய வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைக்கப்பட்டால் 500 ஆண்டுகள் நிலைக்கும் என்பது பன்னாட்டுத் தரக்கணிப்பு. அதைப் படிக்க மென்பொருள் தேவையில்லை. ஒளியும் உருப்பெருக்கியும் போதும்.

எனினும் எல்லாச் சுருள்களும் அத்தகையன அல்ல. பாலியெஸ்டர் பரவலாவதற்கு முன் எடுக்கப்பட்ட சுருள்கள் பலவும் செல்லுலோசு அசிட்டேட்டு அடித்தளம் கொண்டவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் அவை சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பெட்டியைத் திறந்ததும் எழும் வினிகர் நெடி அச்சிதைவின் அறிகுறி. சிதைவு தொடங்கியபின் அதன் வேகத்தைக் குறைக்க இயலுமேயன்றி அதை மாற்ற இயலாது. சுருள் சுருங்கி வளைந்துவிட்டால் வருடியில் செலுத்துவதும் கடினமாகும். ஆகவே இத்தகைய சுருள்களின் மின்னாக்கத்தைத் தள்ளிப்போடுதல், செலவை மட்டுமன்றி இழப்பையும் பெருக்கும்.

நுண்படச்சுருளுக்கு உள்ளியல்பான குறைகளும் உண்டு. பெரும்பாலான சுருள்கள் கறுப்பு வெள்ளையில், எழுத்து தெளிவாகத் தெரியும் வண்ணம் மிகு வேறுபாட்டுடன் எடுக்கப்பட்டவை. இதழ்களின் வண்ண அட்டை, ஒளிப்படம், விளம்பர ஓவியம் ஆகியவற்றின் நுட்பம் அவற்றில் நிற்பதில்லை. படம்பிடிக்கும்போது விடுபட்ட பக்கம் மின்படியிலும் விடுபட்டே இருக்கும். அமெரிக்க நூலகங்கள் நாளிதழ்களை நுண்படமாக்கிய பின் மூலங்களை அப்புறப்படுத்தியதைக் கண்டித்து நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்ட்' என்னும் நூல் இக்குறைகளை விரிவாக எடுத்துக்காட்டியது. அந்நூலின் எல்லா முடிவுகளையும் ஏற்காதவர்களும் அதன் அடிப்படை எச்சரிக்கையை மறுப்பதில்லை: படி கிடைத்துவிட்டது என்பதற்காக மூலத்தைக் கைவிடலாகாது. இன்று இவ்வெச்சரிக்கை ஒரு படி முன்னேறி நம்மிடம் வருகிறது. மின்படி கிடைத்துவிட்டது என்பதற்காகச் சுருளையும் கைவிடலாகாது.

ரோஜா முத்தையா நூலகம் வகுத்த வழி

தமிழில் இத்துறையின் முன்னோடி முயற்சி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை ஓவியராக வாழ்ந்து, தம் சொந்த முயற்சியால் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைத் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் மொழி அறக்கட்டளையின் ஒத்துழைப்புடன் சென்னையில் நூலகம் உருவாயிற்று.

அந்த ஏற்பாட்டின் நெறி இங்குக் கருதத்தக்கது. மூலங்கள் தமிழகத்திலேயே இருக்கும்; அவற்றை நுண்படமாக்கும் பணி இங்கேயே நடைபெறும்; சுருளின் படி சிகாகோ செல்லும். விலை கொடுத்தவர் பொருளை எடுத்துச் செல்வது என்னும் பழைய வழக்கத்திற்கு மாறாக, படியைப் பெறுவதற்காகவே மூலத்தின் காப்புக்குச் செலவிடும் முறை இது. இதனால் நுண்படத் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் குழு ஒன்றும் சென்னையில் உருவாயிற்று. பின்னர் அந்நூலகம் மின்னாக்கத்தையும் மேற்கொண்டது. ஆர்க்காடியா நிதியத்தின் துணையுடன் பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம், தமிழக வரலாறு சார்ந்த தொடக்ககால அச்சு நூல்களையும் இதழ்களையும் காக்கும் பணிக்காக இந்நூலகத்திற்கு நிதி வழங்கியுள்ளது. அதே திட்டத்தின் நிதியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கிராமங்களின் வேளாண் வரலாற்று ஆவணங்களை மின்படியாக்கியுள்ளது.

இம்முயற்சிகளின் சிறப்பை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அவற்றின் நிதி அமைப்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தமிழ் அச்சு மரபின் காப்புக்கான முதல் பெருமுயற்சிக்குப் பணம் வந்தது தமிழகத்தின் நூலக நிதியிலிருந்து அன்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகமும் அயல்நாட்டு அறநிதியமும் தந்த நல்கைகளே அதைச் சாத்தியமாக்கின. நல்கை என்பது காலவரம்புக்கு உட்பட்டது. திட்டம் முடிந்ததும் அறிக்கை செல்லும். கோப்புகள் இங்கே எஞ்சும். அவற்றைக் காக்கும் பொறுப்பு உள்ளூர் நிறுவனத்தின் மீது விழும்.

மின்னாக்கச் செலவும் காப்புச் செலவும்

இப்பொறுப்பின் அளவை ஒரு கணக்கால் விளக்கலாம். 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் உடைய இதழ்ப்பக்கம் ஒன்றை, மூல அளவில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் தரத்தில் பதிவு செய்வதாகக் கொள்வோம். அதில் 3,300க்கு 5,100, அதாவது ஏறத்தாழ 1.68 கோடிப் புள்ளிகள் இருக்கும். சாம்பல்நிறப் படமாகச் சுருக்காமல் சேமித்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 17 மெகாபைட். ஒரு சுருளில் 600 பக்கங்கள் எனக் கொண்டால் ஒரு சுருள் 10 கிகாபைட். ஆயிரம் சுருள்கள் 10 டெராபைட். காப்பு நெறிப்படி மூன்று படிகள் வைத்தால் 30 டெராபைட். படம் 12 மடங்கு சிறிதாக்கப்பட்ட சுருளிலிருந்து இத்தரத்தைப் பெற, சுருளின் மீது அங்குலத்திற்கு 3,600 புள்ளிகள் என்னும் அளவில் வருட வேண்டும். அதற்கு நுண்படச்சுருளுக்கென்றே அமைந்த வருடி தேவை.

இவ்வளவு கொள்ளளவுள்ள வன்தட்டுகளை வாங்குவது இன்று பெருஞ்செலவு அன்று. ஆனால் வன்தட்டை ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியுள்ளது. கோப்புகள் பிழையின்றி உள்ளனவா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். கோப்பு வடிவம் வழக்கொழிந்தால் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டும். வழங்கி, மின்சாரம், தளப் பராமரிப்பு, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய செலவுகள் என்றும் நிற்பதில்லை. சுருள் தன்னைக் கவனிக்காதவரையும் சில பத்தாண்டுகள் பொறுத்துக்கொள்ளும். மின்கோப்பு அவ்வாறு பொறுப்பதில்லை.

இதற்கு ஓசூருக்கு அண்மையிலேயே சான்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு இயங்கிய இந்திய மின்னணு நூலகத் திட்டத்தில் தமிழ் நூல்கள் பலவும் மின்படியாக்கப்பட்டன. பின்னர் அத்தளம் செயலிழந்தது. இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படியெடுத்து வைக்கப்பட்டிருந்த காரணத்தாலேயே அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அங்கும் தமிழ் நூற்பெயர்கள் பிழைபட ஒலிபெயர்க்கப்பட்டிருப்பதால், இருக்கும் நூலே இல்லாதது போல மறைந்து கிடக்கும் நிலை உள்ளது. மின்னாக்கம் செய்வதற்குப் பொதுப்பணம் கிடைத்தது. அதைக் காப்பதற்கும் பட்டியலிடுவதற்கும் தொடர் ஏற்பாடு அமையவில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நிதி வாயில்களும் அவற்றின் எல்லைகளும்

ஒன்றிய அரசின் காப்பு முயற்சிகள் பெரிதும் சுவடிகளை மையமாகக் கொண்டவை. 2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடிகள் இயக்கம், குறைந்தது 75 ஆண்டுப் பழமையுடைய கையெழுத்துப் படைப்பைச் சுவடி என வரையறுத்து, அச்சு நூல்களையும் கல்லச்சு நூல்களையும் அவ்வரையறையிலிருந்து விலக்கியது. 2025–26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கமும் ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளையே இலக்காகக் கொண்டுள்ளது. சுவடிகளுக்கு இவ்வளவு கவனம் கிட்டுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரே ஒரு படியாக எஞ்சி நிற்கும் 1880ஆம் ஆண்டின் அச்சு நூல், பல படிகள் உள்ள ஏட்டுச்சுவடியைவிட அழிவுக்கு அருகில் இருக்கக்கூடும். அமிலம் கலந்த மரக்கூழ்த் தாளில் அச்சான இதழ் பனையோலையைவிட விரைவில் நொறுங்கும். அச்சு என்பதாலேயே அது பாதுகாப்பானது என்னும் கருத்து ஆய்வுலகில் பொருந்தாது.

மாநில அளவில் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்நூலகம் அரிய அச்சு நூல்களையும் இதழ்களையும் பொதுப்பயனுக்கு வழங்கி, ஆய்வாளர் பணியைப் பெரிதும் எளிதாக்கியுள்ளது. அப்பணிக்குத் துணையாக மாவட்ட அளவில் இரு நிதிகளை நாம் கருதலாம்.

முதலாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உடைய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சட்டத்தின் ஏழாம் அட்டவணை, பண்பாட்டு மரபுக் காப்பையும் பொது நூலகங்கள் அமைப்பதையும் அப்பணிகளுள் சேர்த்துள்ளது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தருமாறும் அச்சட்டம் கூறுகிறது. மோட்டார் வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள் என முப்பெரும் துறைகளின் தொழிற்கூடங்கள் நிறைந்த ஓசூருக்கு இது பொருந்தும் வாயில்.

எனினும் இந்நிதிக்கு இரு வரம்புகள் உள்ளன. தொடர் திட்டம் என அறிவிக்கப்பட்ட பணியும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். மேலும் 2021 சனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பின், ஒரு நிறுவனத்தின் மூலநிதிக்கு வழங்கும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படுவதில்லை. அதாவது, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் காப்புச் செலவைச் செய்யும் நிலையான வைப்புநிதியை இதன்வழி உருவாக்க இயலாது. இந்நிதியின் காலவரம்பு ஒரு வன்தட்டின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே வருடி வாங்குதல், சுருள்களைத் தூய்மை செய்தல், மின்னாக்கம், பட்டியலாக்கம் ஆகிய ஒருமுறைப் பணிகளுக்கு இது ஏற்றது. அதற்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, நூலக வரி. விடுதலை இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியின்மீது நூலக வரி விதிக்க வழிசெய்தது. இன்று அது சொத்து வரியில் 10 விழுக்காடு. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வரி 6 விழுக்காடு. இவ்வரி, சட்டத்தின் வலிமையால் ஆண்டுதோறும் வருவது. நன்கொடையாளரின் விருப்பத்தைச் சாராதது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. தொடர் செலவுக்குத் தொடர் வருவாயே தகும் என்னும் எளிய நிதி நெறிப்படி, மின்கோப்புகளின் பராமரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் இல்லை. 2019இல் மாநகராட்சியாகத் தரமுயர்ந்த ஓசூரில் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் பெருகப் பெருகச் சொத்து வரியும், அதனுடன் நூலக வரியும் வளரும். வசூலான வரி உரிய காலத்தில் ஆணைக்குழுக்களைச் சென்றடைவதில்லை என்னும் முறையீடு நூலகத் துறையில் நெடுங்காலமாக உள்ளது. அதைச் சீர்செய்வது இம்முன்மொழிவுக்கு முன்நிபந்தனை.

எல்லைப்புற மாவட்டத்தின் தனித்தேவை

கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்றை ஆராய முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர், 'கிருஷ்ணகிரி' என்னும் தலைப்பில் ஆவணங்கள் கிடைப்பதில்லை என்பதாகும். காரணம் வெளிப்படை. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. ஓசூர் அடங்கிய பாலாகாட்டுப் பகுதி 1799இல் இணைந்தது. அதன்பின் இப்பகுதி சேலம் மாவட்டமாக நெடுங்காலம் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. ஆகவே ஒரே ஊரின் ஆவணம் பாராமகால், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு தலைப்புகளில் சிதறியுள்ளது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பணியாற்றிய காலத்து ஆவணங்களிலிருந்து 1907 முதல் பகுதி பகுதியாக அச்சான பாராமகால் ஆவணத் தொகுதிகளும், 1918இல் வெளிவந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்சின் சேலம் மாவட்ட விவரச்சுவடியும் இப்பகுதிக்கு அடிப்படைச் சான்றுகள். பட்டியலில் அவை ஓசூருடன் இணைக்கப்படாதவரை ஓசூர் மாணவருக்கு அவை எட்டாக்கனியே.

இதழ்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, அன்றைய சேலம் மாவட்டத் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் மதுவிலக்குப் பரப்புரைக்காக 'விமோசனம்' இதழை நடத்தினார். குறுகிய காலமே வந்த அவ்விதழ், அவரும் கல்கியும் பெற்ற புகழால் இன்றும் பேசப்படுகிறது. அத்தகைய புகழ்பெற்ற பெயர் எதுவும் இணையாத சிற்றிதழ்கள், சாதிச் சங்க மலர்கள், கோயில் தலபுராணப் பதிப்புகள், நாடக நோட்டீசுகள் ஆகியவற்றை நினைவூட்ட எவரும் இல்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கிய பின் ஓசூர் அடைந்த மாற்றமும் அவ்வாறே. நில எடுப்பு அறிவிப்பு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, நாளிதழ்களின் மாவட்டப் பக்கம் ஆகியவைதான் அம்மாற்றத்தின் சான்றுகள். நாளிதழின் சென்னைப் பதிப்பைச் சேமிக்கும் நூலகத்தில் ஓசூர்ச் செய்திப் பக்கம் இருப்பதில்லை.

மொழி நிலையும் கருதத்தக்கது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இப்பகுதியில் ஒரே குடும்பத்தின் கடிதம் ஒரு மொழியிலும் கணக்கு மற்றொரு மொழியிலும் இருப்பதுண்டு. ஊர்ப்பெயர்களும் ஒசூர், ஓசூர், ஹொசூர் எனவும், தேன்கனிக்கோட்டை, தெங்கணிக்கோட்டை எனவும் பலவாறு எழுதப்படுகின்றன. தமிழ் மட்டுமே அறிந்தவரோ, ஆங்கிலப் பட்டியலை மட்டுமே நம்புபவரோ இவற்றை முழுமையாகப் பட்டியலிட இயலாது.

செய்யத்தக்கன

மேற்கண்ட நிலையில் பின்வரும் முன்மொழிவுகள் ஆய்வாளர் கருத்துக்கு வைக்கப்படுகின்றன.

1. மாவட்டந்தோறும் நுண்படக்கூடம் அமைக்க வேண்டியதில்லை. சென்னையில் பயிற்சி பெற்ற குழுக்களும் கருவிகளும் உள்ளன. தன் பகுதி சார்ந்த சுருள்கள் எந்த நூலகத்தில் உள்ளன என அறிந்து, அவற்றின் மின்னாக்கச் செலவை மாவட்டம் ஏற்று, மின்படி ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். ரோஜா முத்தையா தொகுப்பில் சிகாகோ பின்பற்றிய நெறியை ஒரு மாவட்டமும் பின்பற்ற இயலும்.

2. எதை முதலில் மின்னாக்கம் செய்வது என்பதற்குத் தெளிவான வரிசை வேண்டும். மூலம் அழிந்து சுருள் மட்டும் எஞ்சியவை முதலிடம் பெறுக. அவற்றுள்ளும் சிதைவு தொடங்கிய அசிட்டேட்டுச் சுருள்கள் முன்னிற்க. மூலமும் சுருளும் உள்ள இடத்தில், மூலம் கையாளும் நிலையில் இருந்தால் மூலத்திலிருந்தே வண்ணத்தில் மின்படி எடுக்கலாம். சுருளிலிருந்து எடுப்பது விரைவானது, செலவு குறைந்தது என்பது மட்டும் தெரிவுக்குக் காரணமாகலாகாது.

3. மின்னாக்கத்திற்குப் பின் மூலச்சுருளை அப்புறப்படுத்தக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும். படிகள் ஒரே நகரில் குவிவதும் தவறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இல்லாதவை நிரந்தரமாக இழக்கப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் இடரையும் உணர்த்தியது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், கடற்கரை நகரைவிட வெப்பமும் ஈரமும் குறைந்தது. குளிரூட்டலுக்கும் ஈரம் நீக்கலுக்கும் ஆகும் மின்செலவு இங்குக் குறையும். தமிழ் நுண்படச்சுருள்களின் இரண்டாம் காப்பிடமாக ஓசூரைக் கருதுவதற்கு இது வலுவான காரணம்.

4. நிறுவனம், மாவட்ட நூலக ஆணைக்குழு, மின்னாக்கம் செய்யும் நூலகம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரே ஒப்பந்தம் வேண்டும். மூன்றாண்டுப் பணிக்கு நிறுவனம் நிதி தரும்போதே, நான்காம் ஆண்டு முதல் நூலக வரியில் காப்புக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பும் குறிப்பிட்ட விழுக்காடும் ஒதுக்கப்படும் என ஆணைக்குழு உறுதியளிக்க வேண்டும். அவ்வுறுதி இல்லாத திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நன்று.

5. பதிப்புரிமை பற்றிய அச்சம் காப்புப் பணியைத் தடுக்க வேண்டியதில்லை. 2012 திருத்தத்திற்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள படைப்பைக் காப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளையும் நாட்டுடைமையாக்கப்பட்டவற்றையும் பொதுவில் வெளியிடலாம். ஏனையவற்றைக் காப்பில் மட்டும் வைக்கலாம்.

6. பட்டியலாக்கம் தமிழ்த்துறைகளின் கடமை. பழைய இதழ்கள் பல, அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் பெயரால் ஆண்டைக் குறிக்கின்றன. ஒரே பெயர் 60 ஆண்டு இடைவெளியில் மீண்டும் வருவதால், உள்ளடக்கம் அறியாதவர் 1881க்குரியதை 1941க்குரியதாகப் பதிவு செய்யக்கூடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வரிவடிவம், தமிழ் எண்கள், சொல் பிரிக்காத அச்சு ஆகியவற்றால் எழுத்துணரி மென்பொருள்கள் தடுமாறும் இடங்களையும் திருத்த வல்லவர் தமிழ் மாணவரே. முதுகலைத் திட்டக் கட்டுரைகளில் ஒரு பகுதியை இப்பணிக்கு ஒதுக்கலாம். கன்னட, தெலுங்குத் துறைகளின் துணையும் நாடப்பட வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

ஊர்ப்புற நூலகங்களில் போதிய நூல்களும் இருக்கைகளும் இல்லாத நிலையில் நுண்படச்சுருளுக்கு நூலக வரியைச் செலவிடலாமா என்னும் மறுப்பு நியாயமானது. வாசகருக்கு உரிய பங்கில் கைவைக்குமாறு இக்கட்டுரை கோரவில்லை. புதிய சொத்து வரியால் கூடும் வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே மேலே கணக்கிட்ட 30 டெராபைட் அளவிலான தொகுப்பைப் பராமரிக்க இயலும். தம் ஊர் பற்றிய பழைய நாளிதழை நூலகத்திலேயே படிக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. போட்டித் தேர்வு மாணவரும் பள்ளி ஆசிரியரும் உள்ளூர் வரலாற்று ஆர்வலரும் அதனால் பயன்பெறுவர்.

நிறுவன நிதி வந்தால் தெரிவும் நிறுவனத்தின் விருப்பப்படி அமையும் என்பது மற்றொரு மறுப்பு. பெயர்பெற்ற தலைவர்களின் ஆவணங்கள் மட்டும் முன்னுரிமை பெறலாம். தொழிற்சங்கத் துண்டறிக்கையையோ நில எடுப்புக்கு எதிரான கூட்ட அழைப்பையோ மின்னாக்கம் செய்ய ஆலை நிர்வாகம் முன்வராமற் போகலாம். இந்த அச்சம் மெய்யானது. தெரிவுக்குழுவில் நிதி வழங்குவோர் இடம்பெறலாகாது என்பதையும், அத்தகைய ஆவணங்களுக்கு ஆகும் செலவை நூலக வரியிலிருந்தே ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதே இதற்கு மாற்று. இரு நிதிகளையும் பிரித்து வைப்பதன் தேவை இங்கு மேலும் உறுதிப்படுகிறது.

முடிவுரை

மின்னாக்கத்தைத் தொடங்கும் விழாவுக்கு நிதியும் ஆர்வமும் எளிதில் கிடைக்கின்றன. பத்தாம் ஆண்டில் பழுதான வன்தட்டை மாற்றுவதற்கான தொகைக்கு எந்தத் தலைப்பில் விண்ணப்பிப்பது என்பதே நம் நூலகங்கள் எதிர்நோக்கும் சிக்கல். அச்சிக்கலுக்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு விடை தந்துள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் வீடும் கடையும் ஆலையும் வைத்திருப்போர் நூலகத்துக்கென வரி செலுத்தி வருகின்றனர். அவ்வரியின் ஒரு பகுதி அவர்கள் ஊரின் எழுத்துச் சான்றுகளைக் காப்பதற்கும் பயன்பட வேண்டும் எனக் கேட்கும் உரிமையும் கடமையும் தமிழ் ஆய்வாளர்க்கு உண்டு.

அதற்கு முன் ஆய்வாளர் தம் அளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மேற்கோள் காட்டும்போது மூலத்தைக் கண்டோமா, சுருளைக் கண்டோமா, மின்படியைக் கண்டோமா என்பதையும், அது எந்நூலகத்தின் படி என்பதையும் தவறாது குறிப்பிடுதல் வேண்டும். ஒரு சுருளை எத்தனை ஆய்வேடுகள் சார்ந்துள்ளன என்பது அப்போதுதான் வெளிப்படும். நிதி கேட்டு மாவட்ட ஆட்சியரிடமும் ஆணைக்குழுவிடமும் செல்லும் நூலகருக்கு அக்குறிப்புகளைவிட வலிய சான்று வேறில்லை.